ஓய்வு தெற்கே போன வழி

கார்த்திகை அடைமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கியதும் சென்னைக்குக் கால் முளைத்துவிடும். பங்குனி வெயில் சுடத் தொடங்கும்வரை கிடைக்கிற இரண்டு மூன்று மாதம்தான் இந்நகரத்தார் வேர்வையில்லாமல் ஊர் சுற்றும் காலம். அப்போது பெரும்பாலோர் போகிற திசை ஒன்றே. காணும் பொங்கலன்று மெரினாவில் மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம் கூடும். சனி, ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, மாமல்லபுரம் என்று வண்டிகள் வரிசை கட்டும். அதே நாட்களில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் வடக்கே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என நின்று நின்று போய், எண்ணூரைத் தாண்டியதும் கழிமுகத்தின் மேலுள்ள பாலத்தில் ஏறுகிறது. அந்த வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, மீன் கூடையோடு வருகிறவர்கள் உண்டு. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அபூர்வம். வடக்கே பார்க்க என்ன இருக்கிறது, துறைமுகமும் எண்ணெய்த் தொட்டியும் சாம்பலும்தானே என்பது பொதுவான எண்ணம். வடசென்னை பிறவியிலேயே தொழிற்பேட்டை, தென்சென்னை பிறவியிலேயே கடற்காற்று வாங்கும் இடம் என்று நம்பிப் பழகிவிட்டோம். வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது. ஓய்வைத் தெற்குக்கும் உழைப்பை வடக்குக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தவை ரயில், துறைமுகம், அனல்மின் நிலையம் என்ற மூன்று கட்டுமானங்கள். நில அமைப்பு மட்டும் அதைத் தீர்மானிக்கவில்லை.

ரயிலுக்கு முன்பே எண்ணூருக்கு ஒரு சொகுசான வழி இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்ற வணிகரின் பொறுப்பில், நகரின் வடக்கிலிருந்து எண்ணூர்வரை கடலுக்கு இணையாக ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. 1806இல் படகு ஓடிய அந்தக் காக்ரேன் கால்வாயை 1837இல் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு அது பழவேற்காடு தாண்டி ஆந்திரக் கரைவரை நீண்டது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய பிறகு, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் முழுக் கால்வாய்க்கும் வந்தது. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் உப்பளங்களின் உப்பும், ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகும் நகரத்துக்கு வந்தது இந்த நீர்வழியில்தான். உப்பும் விறகும் இறக்கிய அதே வழியில் ஊருக்குள்ளிருந்து துரைமார்கள் ஏறிப் போனார்கள். காற்று ஒத்தால் பாய் விரித்தும், ஒவ்வாவிட்டால் கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுத்தும், ஆழம் குறைந்த இடத்தில் கழி ஊன்றியும் போகிற படகு அது. வேகம் கிடையாது, குலுக்கலும் கிடையாது. கடலுக்கும் காயலுக்கும் நடுவே எண்ணூரில் பங்களாக்கள் எழுந்தன. படகோட்டமும் மீன்பிடிப்பும் பொழுதுபோக்காயின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த அரசாங்கக் கையேடுகள் எண்ணூரைச் சென்னை ஐரோப்பியர் ஒரு காலத்தில் விரும்பிப் போன இடம் என்று குறிக்கின்றன. அந்த ‘ஒரு காலத்தில்’ கவனிக்க வேண்டியது. எண்ணூரில் ஒரு புகைபோக்கிகூட எழும்பாத காலத்திலேயே அதன் உல்லாசப் பெருமை பழங்கதையாகிவிட்டது. ஆகவே, ஆலைகள் வந்து கெடுத்தன என்ற ஒற்றை விளக்கம் போதாது.

எண்ணூர் அவர்களை ஏன் இழுத்தது என்பதைப் புரிந்துகொள்ள அந்தக் கழிமுகம் இயங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். கொசஸ்தலை ஆறு மேற்கேயிருந்து வந்து இங்கே கடலில் கலக்கிறது. கோடை முழுதும் ஆற்றில் நீர்வரத்து இல்லாததால் அலை மணலைத் தள்ளி முகத்துவாரத்தை ஒடுக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்து அந்த மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் இறங்கும். உடைந்த வாய் வழியாக நாளுக்கு இருமுறை கடல்நீர் ஏறும், வடியும். நன்னீரும் உப்புநீரும் கலந்த இந்த நீர்தான் இறாலுக்கும் மடவைக்கும் நண்டுக்கும் வளர்ப்பு வீடு. மழை விட்ட மார்கழி, தை மாதங்களில் நீர் தெளிந்து, மீன் பெருகி, மீனைத் தேடிப் பறவைகளும் வந்து சேரும். கடலோரத்திலேயே அலையில்லாத நீர்ப்பரப்பு, நிழலுக்கு அலையாத்தி, படகு விட ஏதுவான ஏற்றவற்றம், எல்லாம் குளிர்ந்த காற்றடிக்கிற மாதங்களில் ஒருசேரக் கிடைக்கிறது. மெரினாவுக்கோ சாந்தோமுக்கோ இந்தச் சேர்க்கை அமையவில்லை.

இந்த இடத்தை முதலில் பின்னுக்குத் தள்ளியது ரயில். அதிலும் எண்ணூர் இருக்கும் அதே வடக்குப் பக்கத்தில், ராயபுரத்தில் கிளம்பிய ரயில். 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு முன்னிலையில் ராயபுரம் நிலையம் திறக்கப்பட்டது; ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கு வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இதுதான். மும்பையிலும் தாணேயிலும் அதற்கு முன் எழுந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லாததால், நாட்டில் நிற்கிறவற்றில் பழைய நிலையம் என்ற பெருமையும் ராயபுரத்துக்கே. ஆனால் தண்டவாளம் திருவொற்றியூர்ப் பக்கம் திரும்பவில்லை. மேற்கே ஆர்க்காட்டை நோக்கி, இன்றைய வாலாஜா ரோடுவரை, நூறு கிலோமீட்டர் போனது. சில ஆண்டுகளில் மேற்குக் கடற்கரையைத் தொட்டது. 1873இல் மேட்டுப்பாளையம்வரை கிளை நீண்டதும் சென்னை வெள்ளைக்காரர்களின் தூரக் கணக்கே மாறிப்போயிற்று. முன்பு மாட்டு வண்டியிலும் பல்லக்கிலும் நாள்கணக்கில் போக வேண்டியிருந்த நீலகிரி, ஒரு ராத்திரி ரயிலும் அடுத்த நாள் மலை ஏற்றமும் என்று சுருங்கிவிட்டது. கோடை வந்தால் அரசாங்கமே ஊட்டிக்கு மூட்டை கட்டியது. 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் பல்சக்கர மலை ரயில் போய்ச் சேர்ந்தது. பத்து மைல் படகில் போய்க் காணும் காயல், அதன்பின் வசதி படைத்தவர்களுக்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஊட்டி கோடைக்கு, எண்ணூர் குளிர்காலத்துக்கு, ஒன்று மற்றொன்றை எப்படித் தள்ள முடியும் என்று கேட்கலாம். பருவம் வேறு என்பது சரிதான். பங்களா கட்டும் பணம் ஒன்றுதான். குதிரைப் பந்தயம், சங்கம், விருந்து, பங்களா என்று ஒரு சமூகம் தன் ஓய்வு வாழ்க்கையை எங்கே ஊன்றுகிறதோ அங்கேதான் சாலையும் விளக்கும் தண்ணீரும் போகும். மலையில் அதை ஊன்றிய பிறகு எண்ணூர் பங்களாக்களைப் பராமரிக்க யாருக்கும் முனைப்பில்லை. 1899இல் குன்னூருக்கு மலை ரயில் ஏறிய அதே ஆண்டில்தான் பெஜவாடாவிலிருந்து கூடூர் வழியாகச் சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைப் பாதை திறந்து, எண்ணூருக்கு முதல் ரயில் வந்தது. ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த திருவொற்றியூருக்கு வண்டி வர 43 ஆண்டு ஆயிற்று. துரைமார்களின் பருவம் முடிந்த பிறகு வந்த ரயில் அது.

இரண்டாவது கட்டுமானம் துறைமுகம். 1876இல் வேலை தொடங்கி, 1881 புயலில் உடைந்து, மறுபடி எழுந்த செயற்கைத் துறைமுகம் கடலுக்குள் கை நீட்டி நின்றதும் மணலின் போக்கு மாறியது. இந்தக் கரையில் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே அரித்துக்கொண்டு போகும். குறுக்கே கல்சுவர் நின்றதால் தெற்கிலேயே மணல் தேங்கியது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. தேங்கிய மணல்தான் மெரினா. துறைமுகத்துக்கு முன்பு கடல் கோட்டைக்கும் கடற்கரைக் கட்டடங்களுக்கும் எவ்வளவு நெருங்கியிருந்தது என்பதைப் பழைய படங்களில் காணலாம். 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அந்தப் புது மணலின் ஓரத்தில் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். மறுபக்கத்தில் காசிமேடு முதல் எண்ணூர்வரை கரை கரைந்தது, குப்பங்கள் பின்வாங்கின, கடைசியில் பாறாங்கல் கொட்டிக் கடலைத் தடுக்க வேண்டியதாயிற்று. எண்ணூர் விரைவுச் சாலையில் போகிறவர் இன்று காண்பது அந்தக் கல்வரிசையைத்தான். சென்னையின் பெருமையாகச் சொல்லப்படும் கடற்கரையும், கடற்கரையே இல்லாத வடசென்னையும் ஒரே கணக்கின் வரவும் செலவும். தெற்கே விரிந்த ஒவ்வொரு முழம் மணலுக்கும் வடக்கே ஈடு கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது கட்டுமானம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, மணலியில் 1960களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பும், பின்னர் உரத் தொழிற்சாலையும் அடுத்தடுத்து வந்தன. 1970 முதல் 1975வரை எண்ணூர் அனல்மின் நிலையம் ஐந்து அலகுகளாக 450 மெகாவாட்டுக்கு எழுந்தது. 1990களில் கழிமுகத்துக்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் அதற்குக் கரி இறக்கவே முக்கியமாகக் கட்டப்பட்ட எண்ணூர்த் துறைமுகமும் வந்தன. தண்டவாளம் ஏற்கெனவே இருந்தது, துறைமுகம் பக்கம், நிலம் மலிவு என்பவை காரணங்கள். இன்னொரு காரணமும் உண்டு. கொதிகலன் ஓட்டும் இடத்துக்குக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும்; வற்றாமல் ஏறி இறங்கும் கழிமுகம் அதைக் கொடுத்தது. படகு விட வந்தவர்களை எது இழுத்ததோ அதுவே அனல்மின் நிலையத்தையும் இழுத்தது. வேறுபாடு பயன்பாட்டில்தான். படகு நீரை இருந்தபடியே விட்டுச் சென்றது. ஆலை அதைச் சூடாக்கித் திருப்பிவிட்டது, குழாயில் கசிந்த சாம்பல் சேறோடு சேர்ந்து படுகையை மேடாக்கியது. முழங்கால் அளவு நீரில் கையால் தடவி இறால் பிடித்த இடங்களில் இன்று கால் வைத்தால் சாம்பல் சேறு கணுக்காலை இழுக்கிறது. இந்தச் சாம்பல் பற்றிய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போயிருக்கிறது.

இதே கால்வாயின் தெற்குப் பக்கத்தைப் பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். கோவளத்துக்கு அருகே முட்டுக்காடு. அதுவும் பருவமழையில் வாய் திறந்து கோடையில் மணல் மூடுகிற கழிமுகம், அதுவும் பக்கிங்காம் கால்வாயோடு இணைந்தது, அங்கும் இறாலும் பறவையும் உண்டு. இயற்கையில் இரண்டும் உடன்பிறப்பு. 1980களில் அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுக் குழாம் அமைத்தது. 1998இல் கிழக்குக் கடற்கரைச் சாலை புதுச்சேரிவரை விரிந்தது. முட்டுக்காட்டுக்குப் படகும் எண்ணூருக்குச் சாம்பலும் என்று யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானித்திருக்க மாட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எடுத்த ஒவ்வொரு முடிவும் முந்தைய முடிவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். ஆனால் முடிவின் மேல் முடிவாக வந்த ஒன்றை நில அமைப்பு என்று சொல்லிவிட முடியாது. முட்டுக்காட்டுக்கு ரயில் கிடையாது. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இருப்பவர்களுக்கே அது வசதி. புறநகர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாயாக இருக்கும் இந்நாளில் நகரத்தின் மிக மலிவான வண்டி போகிற கழிமுகத்தைக் குப்பைத் தொட்டியாக்கி, மலிவான வண்டி போகாத கழிமுகத்தை உல்லாசத் தலமாக்கியிருக்கிறோம்.

எண்ணூரின் உல்லாசம் வெள்ளைக்காரர்களுடையது, அதற்காக இப்போது ஏன் ஏங்க வேண்டும் என்பது நியாயமான மறுப்பு. கயிறு இழுத்த கூலியாளுக்குப் படகுப் பயணம் ஓய்வாக இருந்திருக்காது. அந்தப் பங்களா வாழ்வை மீட்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. ஆனால் வடக்குக் கரைக்கு நம்மவர்கள் போனதற்கும் ஒரு வரலாறு உண்டு, அது பங்களாவுக்கும் முந்தியது. ஏழுகிணற்றில் குடியிருந்த ராமலிங்க அடிகள் திருவொற்றியூருக்கு நடந்தே போய்வந்தார். அவர் சென்னையை விட்டுப் போன 1858இல் அந்தப் பக்கம் ரயில் இல்லை. திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவான லிங்கம். ஆண்டு முழுதும் கவசத்தோடுதான் தரிசனம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைத் திறந்து புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். மழை விட்டும் விடாத அந்த மூன்று நாளில் கோயில் வரிசை தெருவுக்கு வந்துவிடும். கோயிலைச் சேவித்து, கடலோரத்துப் பட்டினத்தார் சமாதியைப் பார்த்துத் திரும்புவது நகரத்துக் குடும்பங்களுக்குப் பழகிய வழி. வடக்கே ரயில் வந்தது இவர்களுக்குத்தான் உண்மையில் பயன்பட்டது. யாத்திரையும் உல்லாசமும் வெவ்வேறு என்பார்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பிள்ளைகுட்டிகளோடு கிளம்புகிற தமிழ்க் குடும்பம் அந்தப் பிரிவினையை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

இன்னும் கனமான மறுப்பு வேலைவாய்ப்பைப் பற்றியது. திருவொற்றியூரும் எண்ணூரும் மணலியும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு நிலையான சம்பளமும் குடியிருப்பும் தொழிற்சங்க அனுபவமும் கொடுத்தன. நாரை பார்க்கிற ஆசைக்காக அதை விட்டிருக்க வேண்டுமா? விட்டிருக்க வேண்டாம். மின்சாரம் வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இல்லை. ஆனால் ஆலை வேண்டும் என்பதால் சாம்பலை ஆற்றில் விடலாம் என்றாகிவிடாது. வேலை கொடுத்தது ஆலை. படுகையை மேடாக்கியது அதைச் சுற்றி இருந்த கவனிப்பின்மை. அந்தக் கவனிப்பின்மைக்குத் தைரியம் தந்தது, ‘வடக்கே கெட்டுப்போக என்ன இருக்கிறது’ என்ற நினைப்புதான். மேலும் மீனவர் தொழிலும் வேலைவாய்ப்புக் கணக்கில் சேர வேண்டியதுதானே? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கியபோது, அது பக்கிங்காம் கால்வாய் வழியாகவே எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. காட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் படகும் வலையும் கறுத்து, வாரக்கணக்கில் மீன்பிடிப்பு நின்றது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து மக்கள் இரவோடு இரவாக வெளியேறினார்கள். மார்கழி பிறப்பதற்குச் சற்று முன்பும், பிறந்த பின்பும், ஊர் சுற்றும் பருவத்தை ஒட்டி நடந்தவை இவை.

கடைசியாக, பழவேற்காடு இருக்கிறதே, எண்ணூர் போனால் என்ன என்பார் உண்டு. இருக்கிறதுதான். பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, பேருந்தில் பதினெட்டு கிலோமீட்டர் போனால் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டி, சோழமண்டலக் கரை வணிகத்துக்குத் தலைமையிடமாக வைத்திருந்த ஊர். எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கிற அவர்கள் கல்லறைத் தோட்டம் இன்றும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் பூநாரைகள் வருகின்றன. பூநாரை மேயும் விதமே தனி: காலால் சேற்றைக் கலக்கிவிட்டு, நீண்ட கழுத்தை வளைத்துத் தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகின் மேல்பாகம் கீழே போக நீருக்குள் வைத்து, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளிச் சல்லடையில் அரிப்பதுபோல் நுண்ணுயிர்களை வடித்துக்கொள்ளும். இதற்கு முழங்கால் ஆழத்துக்கு மேற்படாத நீர் வேண்டும், அதில் உப்பு அளவாக இருக்க வேண்டும். மீனவர்களுக்கும் அந்த நீர்மட்டமே வாழ்வு. எந்த ஊரார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்று பாடு முறையில் தங்களுக்குள் பங்கு வைத்துக்கொண்டு தலைமுறைகளாக இந்த ஏரியைக் காத்துவருகிறார்கள். ஆனால் பழவேற்காடு தனி ஏரி என்று எண்ணுவது வரைபடத்தின் பிழை. கொசஸ்தலையின் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் எண்ணூரையும் பழவேற்காட்டையும் ஒரே நீர்த்தொடராகக் கட்டியிருக்கின்றன. தெற்கு வாயை அடைத்துவிட்டு வடக்குப் பரப்பு உயிரோடிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே கேட்க வேண்டியது பழைய சொகுசு அல்ல, பங்கீட்டுத் திருத்தம். புதிய செலவு அதிகம் வேண்டியதில்லை. கழிமுகத்திலும் உப்பளத்திலும் மேற்கொண்டு ஒரு பிடி மண்ணும் கொட்டக் கூடாது. படுகையில் படிந்த சாம்பலை, 2017இல் பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் மூடப்பட்ட பிறகாவது, கணக்குப் போட்டு அள்ள வேண்டும். மார்கழி முதல் மாசிவரை பொன்னேரியில் வண்டி நிற்கும் நேரத்துக்குப் பழவேற்காட்டுப் பேருந்தைப் பொருத்தி விட வேண்டும். படகுச் சவாரியை வெளியூர் நிறுவனத்துக்குக் குத்தகை விடாமல் உள்ளூர் மீனவர் சங்கங்களிடம் கொடுக்க வேண்டும். 2005இல் புதுப்பித்துத் திறந்த ராயபுரம் நிலையத்தை நின்று போட்டோ எடுக்கிற இடமாக மட்டும் வைக்காமல், அந்த வடக்குப் பாதையின் வரலாற்றைச் சொல்லும் இடமாக்கலாம். படிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்தத் தை மாதம் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறுங்கள், எண்ணூரைத் தாண்டிப் பாலம் வந்ததும் இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு நகரம் தன் உழைப்பாளிகளுக்கு எதைக் கொடுத்தது, அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதை அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துகொள்ளலாம். எண்ணூருக்கு ரயில் 1899 முதல் ஓடுகிறது. அதில் போய் இறங்கத் தக்க ஒரு கழிமுகத்தை மிச்சம் வைப்பது அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது நம்முடையது.